‘இன்னும் சோறு தரல்லியே மக்களே’: மறதி நோயாளியின் தட்டில் எதை வைப்பது?

1954 ஆகஸ்ட் 11-ஆம் தேதி, தமிழ்ப் பகுதிகளைத் தாய்த் தமிழகத்தோடு இணைக்கக் கேட்டுப் போராடியவர்கள் மீது புதுக்கடையிலும் மார்த்தாண்டத்திலும் போலீசார் துப்பாக்கியால் சுட்டார்கள். அன்று பத்து வயதுப் பையனாக இருந்த ஒருவருக்கு இப்போது எண்பது தாண்டியிருக்கும். அன்றைக்கு யார் எந்தப் பக்கம் ஓடினார்கள், யார் வீட்டுத் திண்ணையில் ஒளிந்தார்கள் என்று அவர் வரிசையாகச் சொல்லக்கூடும். ஆனால் டிமென்ஷியா எனப்படும் மறதி நோய் வந்துவிட்டால், ‘காலையில என்ன சாப்பிட்டிய பாட்டா?’ என்ற கேள்விக்கு அவரிடம் பதில் இருக்காது. சாப்பிட்டுக் கை கழுவிய ஈரம் காய்வதற்குள் வாசலில் போகிறவரிடம் சொல்வார்: “எனக்கு இன்னும் சோறு தரல்லியே மக்களே.”

கேட்கும் மருமகளுக்கு எப்படி இருக்கும்! “இப்பதானே மாமா தின்னிய? பக்கத்து வீட்டுக்காரங்க என்ன நெனப்பாவ?” என்று அவர் புலம்புவார். இப்படி ஒரு வீட்டில் அடுத்து நடப்பதை யாரும் ஊகிக்கலாம். வளைகுடாவில் வேலை பார்க்கும் மகனிடமிருந்து வாட்ஸ்ஆப்பில் ஒரு வீடியோ வரும்: காலையில் வெறும் வயிற்றில் இரண்டு ஸ்பூன் தேங்காய் எண்ணெய் குடித்தால் போன ஓர்மை திரும்புமாம். அதற்கடுத்த வாரம் வல்லாரைப் பொடி, அப்புறம் ஊறவைத்த பாதாம், அக்ரூட். கூடவே, ‘மூளைக்கு நல்லதல்ல’ என்று தேங்காய் அரைத்த மீன்கறியும் முட்டையும் நின்றுபோகும். சர்க்கரை இருப்பதால் சோறு பாதியாகும், பழம் கிடையாது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் பாட்டாவின் இடுப்பில் வேட்டி நிற்காது. எடை எவ்வளவு குறைந்தது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. பார்த்திருக்கவே மாட்டார்கள்.

மறதி நோயையும் உணவையும் பற்றி நம் வீடுகளில் நடக்கும் பேச்சின் கோளாறு முழுவதும் இந்த ஒரு காட்சியில் இருக்கிறது. மூளைக்கு எந்த உணவு நல்லது என்று எல்லோரும் கேட்கிறார்கள். நோய் வந்துவிட்ட ஒருவருக்கு முதலில் கேட்க வேண்டியது, அவர் போதுமான அளவு சாப்பிடுகிறாரா என்பதுதான்.

தேங்காய் எண்ணெய்க் கதை எங்கிருந்து வந்தது?

இதன் வேர் குமரி மாவட்டத்தில் இல்லை, அமெரிக்காவில் இருக்கிறது. மேரி நியூபோர்ட் என்ற குழந்தைகள் மருத்துவர், அல்சைமர் நோய் வந்த தன் கணவருக்குத் தேங்காய் எண்ணெய் கொடுத்ததாகவும் அவர் தேறியதாகவும் 2008 முதல் எழுதியும் பேசியும் வந்தார். அந்தச் செய்தி உலகைச் சுற்றி, தென்னை நிற்கும் நம்ம ஊருக்கே திரும்பி வந்து நமக்குப் பாடம் சொல்கிறது!

அதன் பின்னால் ஒரு கருத்து உண்டு, அதை ஒரேயடியாக முட்டாள்தனம் என்று தள்ள முடியாது. உடல் எடையில் 2 சதவீதமே உள்ள மூளை, உடல் செலவழிக்கும் ஆற்றலில் ஏறக்குறைய 20 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது. அல்சைமர் நோயில் மூளை குளுக்கோஸைப் பயன்படுத்தும் திறன் குறைகிறது. அதற்கு மாற்று எரிபொருளாகக் கீட்டோன்கள் உதவலாம். நடுத்தர நீளக் கொழுப்பு அமிலங்களில் இருந்து கல்லீரல் கீட்டோன்களைத் தயாரிக்கும். இதுவரை சரி. ஆனால் தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம். அது இந்த வேலையைச் சரியாகச் செய்வதில்லை. கீட்டோன் நன்றாகத் தரும் குறுகிய வகைகள் அதில் கொஞ்சம்தான். தேங்காய் எண்ணெய் மறதி நோயைத் தடுத்து நிறுத்தியதாகக் காட்டும் பெரிய, நம்பகமான ஆய்வு எதுவும் இதுவரை இல்லை. மறுபக்கம், மற்ற தாவர எண்ணெய்களோடு ஒப்பிட்டால் அது கெட்ட கொழுப்பான எல்டிஎல் அளவை டெசிலிட்டருக்கு 10 மில்லிகிராம் அளவில் உயர்த்துகிறது என்று 2020-இல் ‘சர்குலேஷன்’ இதழில் வந்த தொகுப்பாய்வு சொல்கிறது. வெறும் வயிற்றில் எண்ணெய் குடித்த வயதானவருக்கு வயிற்றுப்போக்கும் குமட்டலும் வந்து, அன்றைய காலைச் சாப்பாடே நின்றுபோவதும் நடக்கக்கூடியதுதான்.

மஞ்சளும் இதே ரகம். ஹரியானாவின் பல்லப்கர் கிராமங்களில் அல்சைமர் மிகக் குறைவு என்று 1990-களின் ஆய்வுகள் காட்டியபோது, இந்தியர் தின்னும் மஞ்சள்தான் காரணம் என்று உலகமே பேசியது. நோயாளிகளுக்கு மஞ்சளின் குர்குமினைக் கொடுத்துப் பார்த்த சோதனைகளில் பலன் கிடைக்கவில்லை. 2023-இல் வெளியான நாடு தழுவிய ஆய்வின் கணக்குப்படி, 60 வயது தாண்டிய இந்தியர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா இருக்கிறது. நகரங்களைவிடக் கிராமங்களில் அதிகம். ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். மஞ்சள் போடாமலா இத்தனை நாள் இவர்கள் குழம்பு வைத்தார்கள்?

வருமுன் காப்பது வேறு, வந்தபின் பார்ப்பது வேறு

இணையத்தில் ‘மூளைக்கான உணவு’ என்று வருபவை பெரும்பாலும் நோய் வராத, நடுத்தர வயதுக்காரர்களைப் பற்றிய ஆய்வுகள். அதை அப்படியே எண்பது வயது நோயாளியின் தட்டில் கொண்டு வைப்பதுதான் தவறு.

அந்த ஆய்வுகளும் செய்திகளில் வருவதைவிட அடக்கமாகவே பேசுகின்றன. கீரை, பருப்பு, மீன், பெர்ரிப் பழங்கள், ஆலிவ் எண்ணெய் கொண்ட ‘மைண்ட்’ உணவுமுறையைச் சிகாகோவின் ரஷ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-இல் முன்வைத்தார்கள். அதை நன்றாகக் கடைப்பிடித்தவர்களுக்கு அல்சைமர் ஆபத்து பாதியாக இருந்ததாகச் சொன்னார்கள். அதையே 604 முதியவர்களிடம் மூன்று ஆண்டுகள் முறையாகச் சோதித்து 2023-இல் முடிவை வெளியிட்டபோது, வழக்கமான உணவையே அளவு குறைத்துச் சாப்பிட்டவர்களுக்கும் இவர்களுக்கும் நினைவாற்றலில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. பின்லாந்தில் 1,260 பேரிடம் நடந்த ‘ஃபிங்கர்’ ஆய்வில் பலன் தெரிந்தது. ஆனால் அங்கே உணவோடு உடற்பயிற்சி, மூளைப் பயிற்சி, ரத்த அழுத்தக் கண்காணிப்பு எல்லாம் சேர்ந்திருந்தன.

நமக்கு இன்னும் நெருக்கமான ஒரு ஆய்வும் உண்டு. சென்னை, வேலூர் முதியவர்களையும் சேர்த்துக்கொண்டு இந்தியா, சீனா, கியூபா, மெக்சிகோ, பெரு உள்ளிட்ட நாடுகளில் கிட்டத்தட்ட 15,000 பேரிடம் ‘10/66’ ஆய்வுக் குழு மீன் உணவைப் பற்றி விசாரித்தது. 2009-இல் வந்த முடிவின்படி, மீன் அதிகம் சாப்பிட்டவர்களிடம் டிமென்ஷியா குறைவாக இருந்தது. இந்த வழக்கத்துக்கு ஒத்துவராத ஒரே நாடு இந்தியா! தேங்காப்பட்டணத்துச் சாளை மீனுக்கு இது அவமானம் இல்லை. ஒரு நேரத்தில் எடுத்த கணக்கில் யார் எதனால் என்பது தெளிவாகாது. நோய் வந்ததால் மீன் குறைந்ததா, மீன் குறைந்ததால் நோய் வந்ததா என்று பிரிக்க முடியாது. மீனின் சத்தான டிஎச்ஏ-வை மாத்திரையாக்கி அமெரிக்காவில் 402 அல்சைமர் நோயாளிகளுக்கு 18 மாதம் கொடுத்தார்கள். நோயின் வேகம் குறையவில்லை என்று 2010-இல் முடிவு வந்தது.

அப்படியானால் உணவுக்கும் மூளைக்கும் தொடர்பே இல்லையா? நிச்சயமாக இருக்கிறது. பெரும்பாலும் ரத்தக் குழாய் வழியாக. டிமென்ஷியாக்களில் ஏறக்குறைய 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்று ‘லான்செட்’ ஆணையம் 2024-இல் சொன்ன 14 காரணிகளில் ‘உணவு’ என்று தனி வரி கிடையாது. உயர் ரத்த அழுத்தம், நீரிழிவு, எல்டிஎல், உடல் பருமன், மதுப்பழக்கம் ஆகியவை இருக்கின்றன. ஆகவே பாட்டாவுக்காக வந்த வீடியோவை மகனே தனக்காகப் பார்த்துக்கொள்வது நல்லது. கருவாட்டு உப்பையும் பரோட்டாவையும் டாஸ்மாக்கையும் குறைக்க வேண்டியது நாற்பத்தைந்து வயது மகன். அப்பா இல்லை.

முதலில் ரத்தப் பரிசோதனை

மறதி என்று மருத்துவரிடம் போனால், உணவு உண்மையாகவே மருந்தாகிற ஒரு சில இடங்கள் உண்டு. வைட்டமின் பி12 குறைபாடு, தைராய்டு குறைபாடு இரண்டும் மறதியாகவும் குழப்பமாகவும் வெளிப்படலாம்; இரண்டையும் கண்டுபிடித்துச் சரிசெய்ய முடியும். பி12 இறைச்சி, மீன், முட்டை, பாலில் இருந்துதான் கிடைக்கிறது. சைவ உணவுக்காரர்களுக்கும், பல ஆண்டுகளாக மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிடும் சர்க்கரை நோயாளிகளுக்கும் அது குறைய வாய்ப்பு அதிகம். ‘வயசாயாச்சு, ஓர்மை குறையத்தான செய்யும்’ என்று வீட்டில் இருந்துவிட்டால் இது தெரியாமலே போய்விடும்.

இன்னொன்று தையமின் என்ற பி1. நாள்பட்டக் குடிப்பவர்களுக்கு இது குறைந்தால் வரும் மூளைப் பாதிப்பு, உடனே ஊசி போட்டால் தப்பிக்கக்கூடியது, விட்டால் நினைவையே தின்றுவிடக்கூடியது. நெல்லைப் புழுக்கும்போது பி1 உமியை ஒட்டிய பகுதியில் இருந்து அரிசிக்குள் இறங்கிக்கொள்கிறது. புழுங்கலரிசிச் சோற்றை ‘ஏழைச் சோறு’ என்று ஒதுக்கி வெள்ளைப் பச்சரிசிக்கு மாறுகிற வீடுகள் இதை யோசிக்கலாம்.

மெலிவதுதான் பெரிய ஆபத்து

டிமென்ஷியா வந்தவர்கள் மெலிவார்கள். பல பேருக்கு நோய் கண்டுபிடிக்கப்படும் முன்பே எடை இறங்கத் தொடங்கிவிடும். மணம் தெரியாது, மீன்கறி கொதிக்கும் வாசனை வந்து பசியைக் கிளப்பாது. சிலருக்குச் சாப்பிட்டது மறந்துபோகும். வேறு சிலருக்குச் சாப்பிட வேண்டும் என்பதே மறந்துபோகும். முன்னால் இருப்பது சாப்பாடு என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பார்கள். பல் செட் இளகியிருக்கும். மலச்சிக்கல் இருக்கும். நினைவுக்காகக் கொடுக்கும் டோனெபெசில் மாத்திரையே சிலருக்குக் குமட்டலையும் பசியின்மையையும் தரும். மெலிந்தவர் விழுவார், புண் ஆறாது, நெஞ்சுச் சளி பிடித்தால் எழமாட்டார்.

ஐரோப்பிய மருத்துவ ஊட்டச்சத்துச் சங்கம் டிமென்ஷியாவுக்காகவே 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இங்கே வெளிப்படையாகப் பேசுகிறது: குறைபாடு இல்லாதவருக்கு நினைவாற்றலுக்காக ஒமேகா-3, வைட்டமின் மாத்திரைகள் வேண்டாம்; உணவுக் கட்டுப்பாடுகளைத் தளர்த்துங்கள்; எடையைத் தவறாமல் பாருங்கள். அப்படிப் பார்த்தால் தேங்காய்க்கு வேறொரு இடம் கிடைக்கிறது. ஸ்பூனில் மருந்தாக அல்ல, மெலிந்துபோன பாட்டாவின் கஞ்சியில் பாலாக, கறியில் அரைப்பாக. நாற்பத்தைந்து வயது மகனுக்குக் குறைக்க வேண்டிய அதே தேங்காய், எண்பது வயதில் எலும்பும் தோலுமாக இருப்பவருக்குக் கூடுதல் கலோரி. பயறு போட்ட கஞ்சி, முட்டை, மசித்த ஏத்தன்பழம், தயிர் எல்லாமே அந்தக் கணக்குதான். இந்த நோயில் இனிப்பின் மேல் ஆசை கூடுவதும் உண்டு. கசப்பு, துவர்ப்பை ஒதுக்குவார்கள். கருப்பட்டித் துணுக்கு ஒன்று போட்டால் இறங்கும் கஞ்சியை, ‘இனிப்பு கூடாது’ என்று சொல்லித் திருப்பி எடுத்துப்போவதில் யாருக்கு லாபம்?

சர்க்கரை நோய் இருந்தால் இதை மருத்துவரிடம் கேட்டுச் செய்ய வேண்டும் என்பது உண்மை. ஆனால் கேட்க வேண்டிய கேள்வி, ‘இன்னும் எதைக் குறைக்கலாம்’ என்பதல்ல. காலையில் கிளிமிபிரைடு மாத்திரையோ இன்சுலினோ போட்டாயிற்று. பாட்டா இரண்டு வாய் தின்றுவிட்டு எழுந்துபோய்விட்டார். பத்து மணிக்கு அவர் வியர்த்து, பிதற்றுகிறார். ‘நோய் முற்றிவிட்டது’ என்று வீடு நினைக்கிறது; உண்மையில் சர்க்கரை தாழ்ந்துவிட்டது. ஏற்கெனவே சேதமான மூளைக்கு இந்தத் தாழ்வு இன்னொரு அடி. மிதமான டிமென்ஷியா உள்ள முதியவர்களுக்கு எச்பிஏ1சி அளவு 8-க்குள் இருந்தால் போதும் என்று அமெரிக்க நீரிழிவுச் சங்கமே தளர்த்திச் சொல்கிறது. ‘அவர் ஒழுங்கா சாப்பிடுறதில்ல டாக்டர், மாத்திரையைக் குறைக்கலாமா?’ என்று கேட்கும் குடும்பங்கள் மிகக் குறைவு. கேட்க வேண்டும்.

தண்ணீரும் அப்படித்தான். தாகம் தெரியாது, கேட்கவும் மாட்டார். நீர் குறைந்தால் மூத்திரத் தொற்று வரும், திடீர்க் குழப்பம் வரும். இரண்டு நாளில் ஆளே மாறிவிட்டார் என்றால் அது பெரும்பாலும் டிமென்ஷியாவின் வேகம் இல்லை. உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டிய வேறு ஏதோ.

வாழை இலையும் மீன் முள்ளும்

பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முற்றிய நிலை அல்சைமர் நோயாளிகளுக்கு வெள்ளைத் தட்டுக்குப் பதிலாக அடர் சிவப்புத் தட்டில் சாப்பாடு கொடுத்துப் பார்த்தார்கள். 2004-இல் வந்த அந்த ஆய்வில் உணவு 25 சதவீதமும் பானம் 84 சதவீதமும் கூடுதலாக உள்ளே போயிற்று. ஒன்பது பேரிடம் மட்டும் நடந்த சிறிய ஆய்வுதான். ஆனால் காரணம் புரிகிறது. நிற வேறுபாடு குறைந்தால் அவர்கள் கண்ணுக்குச் சாப்பாடு தெரிவதில்லை. விளக்கு வெளிச்சத்தில் பளபளக்கும் எவர்சில்வர் தட்டில் வெள்ளைச் சோறும் வெள்ளை மோரும் என்ன ஆகும்! பச்சை வாழையிலையில் வைத்துப் பார்க்கலாம். பைசா செலவில்லை, தோட்டத்திலேயே இருக்கிறது.

ஒரே நேரத்தில் ஐந்து கறி வைத்தால் எதைத் தொடுவது என்று தெரியாமல் திகைப்பார்கள். ஒன்றொன்றாக வைப்பது நல்லது. பிசைந்து உண்ண வராதவருக்குக் கையில் பிடித்துத் தின்னும்படி இட்லித் துண்டு, புட்டு உருண்டை, மட்டிப்பழம் கொடுக்கலாம். டிவியை அணைத்துவிட்டு எதிரே யாராவது உட்கார்ந்து கூடச் சாப்பிட்டால், பார்த்துப் பார்த்து அவர் கையும் வாய்க்குப் போகும். சாளையும் நெத்திலியும் நல்ல மீன்தான்; ஆனால் முள்ளை நாக்கால் ஒதுக்கும் பழக்கம் போய்விட்டவருக்கு, ஒருவர் உட்கார்ந்து முள் எடுத்துத் தர வேண்டும். அவித்த மரச்சீனிக் கிழங்கை உலர உலரக் கொடுத்தால் தொண்டையில் அடைக்கும்; மீன்சாறு விட்டு மசித்துத்தான் கொடுக்க வேண்டும். சாயா குடிக்கும்போது அடிக்கடி இருமினால் விழுங்குவதில் சிக்கல் என்று பொருள். மருத்துவரிடம் சொல்ல வேண்டும். நிமிர்ந்து உட்கார வைத்துக் கொடுப்பதும், கொடுத்த உடன் படுக்க வைக்காமல் இருப்பதும் நுரையீரலுக்குள் உணவு போவதைக் குறைக்கும்.

நோயின் கடைசிக் கட்டத்தில், ‘மூக்கில் டியூப் போட்டுவிடலாமா’ என்ற கேள்வி வரும். முற்றிய டிமென்ஷியாவில் குழாய் உணவு வேண்டாம், பொறுமையாகக் கையால் ஊட்டுவதே மேல் என்று அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் 2014-இல் சொன்னது. குழாய் ஆயுளை நீட்டுவதாகவோ நுரையீரல் தொற்றைத் தடுப்பதாகவோ சான்று இல்லை. குழாயைப் பிடுங்காமல் இருக்கக் கையைக் கட்டிப்போடும் கொடுமைதான் கூடச் சேர்கிறது. பக்கவாதம் வந்து சில வாரங்களுக்கு மட்டும் குழாய் போடுவது வேறு விஷயம்.

ஊட்டுவது யார்?

சொல்லும்போது எளிது. ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு முக்கால் மணி நேரம், ஒரு நாளைக்கு மூன்று வேளை. இதைச் செய்வது அநேகமாக ஒரே ஒரு பெண்: மனைவி, மருமகள், அல்லது மகள். ‘நல்லா பாத்துக்கல்ல, அதான் மெலிஞ்சிட்டாரு’ என்ற பழியும் அவருக்குத்தான். தேங்காய் எண்ணெய் வீடியோ அனுப்புகிறவர் விடுமுறையில் வந்தால் தினம் ஒரு வேளை அப்பாவுக்கு ஊட்டிப் பார்க்கலாம்.

அரசும் செய்ய முடிந்தது இதில் உண்டு. அல்சைமர் நோயாளிகளுக்கான இந்தியச் சங்கம் 1992-இல் கேரளத்தில்தான் தொடங்கியது. களியக்காவிளை தாண்டினால் கேரள அரசின் டிமென்ஷியா திட்டத்துக்கு ‘ஓர்மத்தோணி’ என்று பெயர். புதுக்கடைக்காரருக்கு அந்தச் சொல்லை மொழிபெயர்த்துச் சொல்லத் தேவையில்லை. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் தன்னார்வலர்கள் பிரஷர் மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் வீடு தேடிக் கொண்டுவருகிறார்கள். அந்தப் பையில் ஒரு எடைக் கருவியும், நோட்டில் இரண்டு கேள்விகளும் சேர்ந்தால் போதும்: போன மாதத்தைவிட எடை குறைந்திருக்கிறதா? மாத்திரை போட்ட பிறகு ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா? புதிதாக ஒரு துறையோ கட்டடமோ இதற்கு வேண்டாம்.

‘சோறு தரல்லியே’ என்ற புகார் மட்டும் நிற்காது. அமெரிக்க உளவியலாளர் பால் ரோசின் குழு 1998-இல் வெளியிட்ட ஆய்வில், நினைவை முற்றாக இழந்த இருவருக்கு மதிய உணவு முடித்த சிறிது நேரத்திலேயே மறுபடி தட்டு வைத்தார்கள். அவர்கள் மறுபடியும் சாப்பிட்டார்கள். சாப்பிட்டு முடித்தோம் என்று நமக்குச் சொல்வதில் வயிற்றோடு நினைவுக்கும் பங்கு இருக்கிறது. பாட்டா பொய் சொல்லவில்லை, அவரிடம் அந்த வேளைச் சாப்பாடு பதிவாகவே இல்லை. ‘இப்பதானே தின்னிய’ என்று வாதாடினால் கோபம்தான் வரும். ‘உலை வச்சாச்சு மாமா, இந்தா வந்துட்டு’ என்று சொல்லிவிட்டு, மதியச் சோற்றில் ஒரு பிடியை முன்பே எடுத்து வைத்திருந்து கொடுக்கலாம். இல்லையென்றால் ஒரு மட்டிப்பழம், தோலை உரித்து, கையில்.